முழுசாப் படி, அம்மணி

ஆற்றோரக் காலனி,
தாராபுரம்.
21.1.2024

மாரியாத்தாளுக்கு,

இது நான்தான், சுப்பையன். யாரையும் வைத்து எழுதவில்லை. என் கையால் எழுதுகிறேன். நீ நம்ப மாட்டாய். பொற்கொடி, அம்மாவிடம் எழுத்தைக் காட்டு. இவ்வளவு கோணலாக எழுத நம் வீட்டில் வேறு ஆள் கிடையாது.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோதே சொல்லியிருப்பேன். ஒரு முழுக் கடிதம் எழுத வந்த பிறகு சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஐப்பசியிலிருந்து சாயங்காலம் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். வாசலில் ‘எழுத்தறிவு மையம்’ என்று பலகை இருக்கிறது. அதை நானே படித்தேன். தையல் கடை சபுரா சொல்லிக்கொடுக்கிறாள். சம்பளம் கிடையாது, ஆனாலும் கோபப்படுவதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து மணி அடித்தால் சின்ன வயதில் நான் ஆட்டை மேட்டுப் பக்கம் திருப்புவேன். இப்போது உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சு சின்னது. முழங்கால் இடிக்கிறது. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

கடிதத்துக்கு முதலில் பெயர் போட வேண்டும் என்றாள் சபுரா. உன் பெயரைப் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால், உன்னை நான் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து உன்னைப் ‘பொற்கொடி’ என்றுதான் கூப்பிட்டேன். நான் பொற்கொடி என்றால் நீ வருவாய், அவள் வர மாட்டாள். உன் பெயர் நீளம். எழுதி முடிப்பதற்குள் கை வலித்தது. நல்ல பெயர்.

செவலை மாடு சினையாக இருக்கிறது. பேத்தி மேக்னாவுக்கு என் முத்தம். பதில் போடு.

எழுதியது, தன் கையால்,
சுப்பையன்

*

வடவள்ளி,
கோயம்புத்தூர்.
4.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இனி வருவதெல்லாம் அம்மா பேச்சு.

உங்கள் கடிதம் வந்தது. முதலில் நம்பவில்லை. சபுராவைக் கொண்டு எழுதி வாங்கிவிட்டு என்னை ஏமாற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். பொற்கொடி எழுத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். அப்புறம்தான் நம்பினேன். திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பாத்திரம் கழுவும்போது நானே சொல்லிப் பார்க்கிறேன். மேக்னாவும் கூடவே சொல்கிறாள்.

வீட்டுக்காரம்மா வெங்கடலட்சுமியிடம் கடிதத்தைக் காட்டினேன். “உங்க வீட்டுக்காரர் என்ன வேலைங்க பார்க்கிறாரு?” என்று கேட்டார். “முருங்கைத் தோட்டத்துல காய் பறிக்கிற வேலைங்க, இப்ப எழுத்து வேலையும் பார்க்கிறாரு” என்று சொல்லிவிட்டு வந்தேன். பெருமையடித்துக்கொண்டேன். தப்பில்லையே.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பொற்கொடி காலையில் பஸ் ஏறினால் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடுகிறது. மாப்பிள்ளை கௌதமன் லாரியோடு நாசிக் போனவர் இன்னும் திரும்பவில்லை. நான் இல்லாவிட்டால் மேக்னாவை யார் பார்ப்பார்கள்? இரண்டு வருசப் படிப்பு, பாதி கூட ஆகவில்லை. முடிந்ததும் வந்துவிடுவேன். அதுவரை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மோரில் உப்பு அதிகம் போடாதீர்கள்.

சொன்னது: பொற்கொடி அம்மா
எழுதியது: பொற்கொடி

*

தாராபுரம்.
14.4.2024

மாரியாத்தாளுக்கு,

சித்திரை பிறந்துவிட்டது. வாசலில் வேப்பம்பூ கொட்டிக் கிடக்கிறது. கூட்டினேன், மறுபடியும் கொட்டுகிறது. நீயென்றால் மரத்தைத் திட்டியிருப்பாய். நான் திட்டவில்லை.

பால் சொசைட்டியில் பால் அளக்கிறாரே நரசிம்மலு, அவர் நேற்று எல்லோரும் நிற்கும்போது கேட்டார். “ஏனப்பா சுப்பையா, உம்பட மக கோயமுத்தூர்ல பெரிய படிப்புப் படிக்குதாமே, டாக்டருக்கா வக்கீலுக்கா?” சபுரா சொல்லிக்கொடுத்த மாதிரி முழுசாகச் சொன்னேன். வயது வந்தோர் மற்றும் தொடர்கல்வி, முதுகலை. அவருக்குப் புரியவில்லை. என்னை மாதிரி ஆட்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்கிற படிப்பு என்றேன். “கெழவனுக்குப் பாடஞ்சொல்ல ரெண்டு வருசப் படிப்பா?” என்று சிரித்தார். உங்களுக்கென்றால் மூன்று வருசம் ஆகுமுங்க என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பால் அளக்கிற ஆள் ஆயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன். பொற்கொடி, இதைப் படித்துவிட்டு வருத்தப்படாதே. அவருக்கும் தபாலாபீசில் மணியார்டர் பாரம் நிரப்ப ஆள் வேண்டும். நான் பார்த்திருக்கிறேன்.

அரிசியும் பருப்பும் ஆக்கினேன். அடி பிடித்துவிட்டது. மேலாக எடுத்துத் தின்றேன். மீதியைச் செவலை தின்றது.

இனி வருவது உனக்கு மட்டும். பொற்கொடி, நீ வாயால் படி, காதில் வாங்கிக்கொள்ளாதே.

நீ இல்லாத வீட்டில் எனக்குப் பொழுது இறங்குவதில்லை. வகுப்பு முடிந்து வந்து கதவைத் திறந்ததும் இருட்டில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். ‘விளக்கைப் போடுங்க’ என்று நீ சொல்வாய் அல்லவா, அந்த ஞாபகம். பிறகு நானே போடுகிறேன். கோடை விடுமுறையில் ஒரு பத்து நாள் வந்து இரு. மேக்னாவையும் கூட்டி வா. ஆற்றில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், அவளுக்குப் பிடிக்கும்.

எழுதியது, தன் கையால்,
சுப்பையன்

*

வடவள்ளி.
9.5.2024

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மா சொல்வது:

கடிதம் கிடைத்தது. தண்ணீர் கொதித்த பிறகு அரிசியைப் போடுங்கள். போட்டதும் அடுப்பைத் தணியுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்காமல் மாட்டைப் பார்க்கப் போயிருப்பீர்கள், எனக்குத் தெரியாதா?

நரசிம்மலு சொன்னதைக் கேட்டுப் பொற்கொடி சிரித்தாள். இங்கே அவளுடைய பாடு அதைவிடச் சிரிப்பு. படிப்பில் களப்பணி என்று ஒன்று இருக்கிறதாம். பக்கத்துத் தெருச் சமுதாயக்கூடத்தில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்களுக்கு இவள் வகுப்பு எடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் ஆய்வும் எழுத வேண்டும். மேக்னாவைத் தூக்கிக்கொண்டு நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

முதல் நாள் அவரவர் பெயரை எழுதினார்கள். ஒரே சந்தோசம். மறுநாள் இவள், வீட்டுக்காரர் பெயரை எழுதுங்கள் என்றாள். ஒருத்தியும் பென்சிலைத் தொடவில்லை. முன்னால் இருந்த ஒருத்தியிடம் பெயரைக் கேட்டால், “மொட்டை போடப் போவமுல்லங்க, அந்த மலைங்க” என்றாள். பழனிசாமி என்று பொற்கொடி எழுதிக் காட்டினாள். அந்தம்மா அதைப் பார்க்கக் கூட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னையும் எழுதச் சொன்னாள். நான் மேக்னாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாயால் சொல்லாததைக் கையால் மட்டும் சொல்வதா? அடுத்த நாள் கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பொற்கொடி ராத்திரிச் சோறு தின்னவில்லை. பிறகு வீடு வீடாகப் போய், பஸ் பலகையில் இருக்கிற ஊர்ப் பெயரை எழுதலாம் வாருங்கள் என்று கூட்டி வந்தாள். இப்போது கூடம் நிறைந்திருக்கிறது.

நானும் காந்திபுரம் எழுதினேன். சும்மா இருக்கிற நேரத்தில்தான். பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இவளுக்கு லீவிலும் களப்பணிதான்.

சொன்னது: பொற்கொடி அம்மா
எழுதியது: பொற்கொடி

*

தாராபுரம்.
6.8.2024

மாரியாத்தாளுக்கு,

நீ காந்திபுரம் எழுதினதை நான் பெரிதாகத்தான் நினைத்துக்கொண்டேன். சபுராவிடம் சொன்னேன். வகுப்பில் எல்லோருக்கும் சொன்னாள். போஸ்ட்மேன் பாலகோபாலிடமும் சொல்லிவிட்டேன். சீக்கிரம் இன்னொரு கையெழுத்தில் எனக்குத் தபால் வரும், கவனமாகப் பாருங்கள் என்றேன்.

என் பெயரை நீ எழுத வேண்டாம். பொற்கொடி உன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த ஊரில் மீசை முளைக்காத பையன்கள் கூட என்னை ‘டேய் சுப்பா’ என்று கூப்பிட்ட காலம் உண்டு. பண்ணையத்தில் மாட்டுக்கும் எனக்கும் ஒரே குரல்தான். வீட்டுக்கு வந்தால் நீ ஒருத்தி ‘ஏனுங்க’ என்பாய். முதல் தடவை நீ கூப்பிட்டபோது வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நான் வாசலைத் திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? நீ எழுதும்போது அந்த ‘ஏனுங்க’வை எழுது. எனக்கு அது போதும்.

செவலை கன்று போட்டிருக்கிறது. கிடேரி. நெற்றியில் வெள்ளை. பெயர் வைக்கவில்லை, மேக்னா வைக்கட்டும்.

கன்றைப் பிரித்துக் கட்டும்போது செவலை உதைத்துவிட்டது. முழங்காலில் நல்ல அடி. நடக்க முடியாமல் கிடந்தேன், தோட்டத்து வேலைக்கும் போகவில்லை. சபுராதான் சோறு கொண்டுவந்து வைத்தாள், அவள் வீட்டுக்காரர் பாலைக் கறந்து ஊற்றினார். போனில் இதைச் சொல்லவில்லை. போனில் நமக்கு இரண்டே பேச்சு, சாப்பிட்டாச்சா, மழை பெய்ததா. கடிதத்தில்தான் எனக்கு வாய் வருகிறது. படுத்துக் கிடக்கும்போது உன்னைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஒரு வாரம் வந்துவிட்டுப் போ. நீ ஒன்றும் செய்ய வேண்டாம். வீட்டில் இரு, போதும்.

சித்திரையில் கேட்டதற்கு நீ ஒன்றும் சொல்லவில்லை. இதற்காவது சொல்.

எழுதியது, தன் கையால்,
சுப்பையன்

*

வடவள்ளி.
1.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மா சொல்வது:

கன்று போட்ட சேதி கேட்டு மேக்னா குதித்தாள். பெயர் வைத்துவிட்டாள். ‘பிஸ்கட்’. நான் லட்சுமி என்று வைக்கலாம் என்றேன், அழுகிறாள். பிஸ்கட் என்றே கூப்பிடுங்கள். சீம்பாலைச் சபுரா வீட்டுக்குக் கொடுத்தீர்களா?

நான் ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டதும் நீங்கள் வாசலைப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் அடுப்படியில் போய்ச் சிரித்தேன்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கடிதத்தில் மாடு இருக்கிறது, கன்று இருக்கிறது, சபுரா இருக்கிறாள். எல்லோரையும் கேட்கிறீர்கள். நான் அங்கே இல்லாதது உங்களுக்குத் தெரிகிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எழுத்து வந்ததும் ஆள் மறந்துபோச்சோ என்று வெங்கடலட்சுமி அம்மா கூடக் கேலி செய்தார்.

தீபாவளிக்கு எல்லோரும் வருகிறோம்.

சொன்னது: பொற்கொடி அம்மா
எழுதியது: பொற்கொடி

அப்பா, இது நான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்தில் சில இடம் எனக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. முடிந்த மட்டும் படித்துக் காட்டுகிறேன்.

*

தாராபுரம்.
10.11.2024

மாரியாத்தாளுக்கு,

நீங்கள் எல்லோரும் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. மேக்னா விட்டுப்போன மத்தாப்புக் கம்பி மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். பிஸ்கட் அவளைத் தேடுகிறது.

ஒன்று எழுத வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன்.

தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்து நான் நடந்து வரும்போது நீ கேட்டாய். “ஏனுங்க, கால் ஏன் இழுக்குது?” சும்மா, சுளுக்கு என்றேன். ஆடியில் அத்தனை எழுதியிருந்தேன். அதைக் கேட்டும் உனக்கு ஞாபகத்தில் தங்கவில்லை. மாடும் சபுராவும்தான் என் கடிதத்தில் இருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது கேலி என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

நீ பதில் போடுகிறாய். அரிசி வேகாததற்குப் பதில் வருகிறது, கன்றுக்குப் பெயர் வருகிறது. நான் வா என்று எழுதின இடத்துக்கு மட்டும் பதில் வருவதில்லை. அங்கே உனக்கு நன்றாக இருக்கலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர், பேத்தி, கேஸ் அடுப்பு. அதில் தப்பில்லை. வர மனசில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டிப் போகிறாய். எனக்குப் புரிந்துவிட்டது.

இனி கேட்க மாட்டேன்.

முருங்கை நல்ல காய்ப்பு. மழை போதுமான அளவு பெய்தது.

சுப்பையன்

*

வடவள்ளி.
2.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மா சொல்வது:

பொங்கலுக்கு மேக்னாவின் காய்ச்சல் எங்களை வரவிடாமல் செய்துவிட்டது. பட்டிப் பொங்கல் அன்று செவலைக்கும் பிஸ்கட்டுக்கும் கொம்புக்கு வண்ணம் பூசினீர்களா? பிஸ்கட்டுக்குக் கொம்பே முளைத்திருக்காது, நான் ஒருத்தி.

உங்கள் கடிதம் வர வரச் சின்னதாகிறது. முருங்கை, மழை, அதோடு முடிந்துவிட்டது. எழுதி அலுத்துவிட்டதா?

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சித்திரை கடைசியில் பொற்கொடியின் படிப்பு முடிகிறது. ஒரு தொண்டு நிறுவனத்தில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய் வகுப்புகளைப் பார்த்துவிட்டு வரும் வேலை. மேக்னாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவர ஆள் வேண்டும். இன்னும் ஒரு வருசம் இரும்மா என்கிறாள். உங்களைக் கேட்காமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சரியென்றால் இருக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும்.

சொன்னது: பொற்கொடி அம்மா
எழுதியது: பொற்கொடி

*

தாராபுரம்.
13.2.2025

மாரியாத்தாளுக்கு,

இருந்துகொள். இங்கே ஒரு சிரமமும் இல்லை. பொற்கொடிக்கு வேலை கிடைத்ததில் சந்தோசம். நன்றாகச் செய்யட்டும்.

எனக்கு இப்போது அரிசியும் பருப்பும் அடி பிடிக்காமல் ஆக்க வருகிறது.

சுப்பையன்

*

வடவள்ளி.
22.5.2025

ஏனுங்க,

இது நான். எல்லாம் நானே எழுதுகிறேன். நாலு நாளாக எழுதுகிறேன். பிழை இருந்தால் சபுராவிடம் காட்டாதீங்க.

பொற்கொடி வகுப்பில் காந்திபுரம் எழுதினேன். உக்கடம் எழுதினேன். படிக்க வேறு புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை. உங்க கடிதம் எல்லாம் என் துணிப்பையில் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு படித்துப் பழகினேன். அது எனக்குச் சுலபம். எல்லாம் மனப்பாடம். வாய் முன்னால் போகும், விரல் பின்னால் வரும். அப்படித்தான் எனக்கு எழுத்து பிடிபட்டது.

முதல் கடிதம் முழுசாக வந்தது. என் பெயர் நல்ல பெயர் என்று எழுதியிருக்கீங்க. அதைத் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டாவது கடிதத்தில் செவலை அடி பிடித்த சோற்றைத் தின்றது வரைக்கும் வாயும் விரலும் ஒன்றாகப் போனது. அதோடு கடிதம் முடிய வேண்டும். எனக்குத் தெரிந்து அதோடு முடிந்தது. தாளில் இன்னும் எழுத்து இருந்தது. விரல் நின்றுவிட்டது. மனப்பாடத்தில் இல்லாத இடம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். நீ இல்லாத வீட்டில். அதைப் படிக்கவே எனக்கு ஒரு காலை நேரம் ஆனது. தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். மறுபடி படித்தேன். அதேதான் இருந்தது.

பிறகு எல்லாக் கடிதமும் பார்த்தேன். கால் அடிபட்டது எனக்குத் தெரியாது. தீபாவளிக்குத் தெரியாமல்தான் கேட்டேன். நீங்க சுளுக்கு என்றீங்க. நான் நம்பினேன். வா என்று நீங்க கூப்பிட்டது ஒன்று கூட என் காதுக்கு வரவில்லை. அவள் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறாள்.

இதை நான் கண்டுபிடித்தது மாசி மாசம். நீங்க இருந்துகொள் என்று எழுதின பிறகு. அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். பொற்கொடிக்கு ஆய்வு முடிக்கிற நேரம். ராத்திரி பகல் எழுதிக்கொண்டிருந்தாள். நான் போனால் அத்தனையும் போய்விடும். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவள் செய்ததைத்தான் நானும் செய்தேன். உங்களுக்குத் தெரியாமல் இரண்டு மாசத்துக்கு மேல் வைத்திருந்தேன். அதற்கு என்னைத் திட்டுங்க.

போன வாரம் ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வு முடிந்தது. நல்ல மார்க் என்றாள். வெங்கடலட்சுமி அம்மா கேசரி கொடுத்தாங்க. எல்லாம் தின்று முடித்த பிறகு உங்க கடிதத்தை எல்லாம் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“இப்ப முழுசாப் படி, அம்மணி” என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. படித்தாள். தாண்டாமல் படித்தாள். செவலை உதைத்த இடத்தில் தாளைக் கீழே வைத்தாள். நான் விடவில்லை, படி என்றேன். கடைசி வரைக்கும் படித்தாள். “நீ போயிட்டா நான் படிப்பை உட்டுருவேன்னு பயந்துட்டேன்மா” என்றாள். அவள் அழுதாள். நானும் அழுதேன். மேக்னா எதற்கு என்று தெரியாமல் அழுதாள்.

அவளை ரொம்பத் திட்டாதீங்க. மாப்பிள்ளை இனி உள்ளூர் வண்டிதான் ஓட்டுகிறார். மேக்னாவைப் பள்ளிக்கூடத்தில் அவர் விடுவார். வெங்கடலட்சுமி அம்மா கூட்டி வருவாங்க. எல்லாம் பேசியாயிற்று.

நீங்க சொன்ன மாதிரி ஏனுங்க என்று எழுதிவிட்டேன். உங்க பெயரும் எனக்கு எழுத வரும். ஒரு நாள் சமுதாயக்கூடத்தில் யாரும் இல்லாதபோது பலகையில் எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது. உடனே அழித்துவிட்டேன். அதை இந்தத் தாளில் எழுத மாட்டேன். உறையிலும் எழுத மாட்டேன். தபால்காரர் கண்டுபிடித்துக்கொள்வார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாரேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், கால் வலிக்கும். வீட்டில் இருங்க.

சொன்னதும் எழுதியதும் நானே,
மாரியாத்தாள்

*

ஆற்றோரக் காலனி,
தாராபுரம்.
29.5.2025

பொற்கொடி கண்ணு,

உறையில் உன் பெயரைப் பார்த்து யார் எழுதியிருக்கிறார்கள் என்று திகைத்திருப்பாய். இது உனக்குத்தான். இது வந்து சேரும்போது அம்மா கிளம்பியிருப்பாள். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் வழக்கம் போல உரக்கப் படி.

முதலில் அம்மாவின் கடிதம் வந்த கதை. பாலகோபால் சைக்கிளை நிறுத்திவிட்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க சுப்பையண்ணா, இந்தத் தபால்ல பேரே இல்லீங்க. செவலை மாடு கட்டியிருக்கிற ஊடு, ஆத்தோரக் காலனி, அப்படின்னு மட்டும் இருக்குது. காலனில நாலு ஊட்டுல செவலை நிக்குது. எல்லா ஊட்டுலயும் கேட்டுப்போட்டு வாரேன். உங்களுக்குத்தானுங்களா?” எனக்குத்தான் என்றேன். “எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டார். பெயர் இல்லாமல் எனக்குத் தபால் போட ஒரே ஓர் ஆள்தான் உண்டு என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கொடுத்துவிட்டுப் போனார்.

கொட்டகையில் நின்றுகொண்டே படித்தேன். மடியில் பால் கட்டிச் செவலை கத்திக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சொசைட்டிக்கு நேரம் கழித்துத்தான் போனேன்.

நீ போனில் அழுதாய். கோபமா அப்பா, கோபமா அப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். போனில் எனக்கு வேறு வராது. இப்போது சொல்கிறேன்.

கோபம் இருந்தது. உன் அம்மாவுக்கு நான் வேண்டாத ஆள் ஆகிவிட்டேன் என்று ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் இந்த வீட்டில் தனியாக நினைத்துக்கொண்டு கிடந்தேன். அங்கே அவளும் அதையே நினைத்திருக்கிறாள். அதை யாராலும் திருப்பித் தர முடியாது. இந்த இடத்தையும் தாண்டாமல் படி.

பிறகு யோசித்தேன். அம்மாவுக்குக் கேட்க வேண்டாம் என்று நீ விட்ட இடத்தை எல்லாம் நீ மட்டும் படித்திருக்கிறாய். செவலை உதைத்ததைப் படித்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு, பிஸ்கட் என்று கன்றுக்குப் பெயர் எழுதியிருக்கிறாய். காதில் வாங்காதே என்று நான் எழுதினேன். நீ ஒருத்திதான் வாங்கியிருக்கிறாய். உனக்கும் தூக்கம் வந்திருக்காது. அதை நினைத்ததும் என் கோபம் தணிந்துவிட்டது.

பொல்லாத வாத்தியார் நீ. அம்மாவுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்து, அந்தப் படிப்பாலேயே மாட்டிக்கொண்டாய். உங்கள் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனி மார்க் கொடுக்க வேண்டும்.

நரசிம்மலு நேற்றும் கேட்டார். “என்னப்பா, உம்பட மக கெழவன் படிப்பை முடிச்சுப்போட்டாளா?” முடித்துவிட்டாள் என்றேன். போன தடவை விழுங்கியதை இந்தத் தடவை விழுங்கவில்லை. “முடிச்சுட்டாளுங்க. வகுப்புக்கு உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்னு கேட்கச் சொன்னாளுங்க” என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பாலை ஊற்றி முடித்து நான் நகர்ந்த பிறகு, பின்னால் வந்து, சபுரா வகுப்பு எத்தனை மணிக்கு என்று மெதுவாகக் கேட்டார். இதை யாரிடமும் சொல்லாதே.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. வாசலைக் கூட்டிவிட்டேன். மோரில் உப்பு பார்த்துப் போட்டிருக்கிறேன். அரிசியும் பருப்பும் ஆக்கி வைக்கலாம் என்று இருந்தேன், வேண்டாம், வந்ததும் என்னைத் தள்ளிவிட்டு அவளே ஆக்குவாள். சாயங்காலம் விளக்கை மட்டும் நான் போடப் போவதில்லை. இருட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். வாசலில் வந்து நின்று அவள் சொல்லட்டும்.

இனி அம்மாவும் நானும் சேர்ந்து உனக்கு எழுதுவோம். இரண்டு பேரும் மெதுவாகத்தான் எழுதுவோம், பொறுத்துக்கொள். நீ உன் கையால் பதில் போடு, உன் பேச்சாகப் போடு. இத்தனை நாள் நீ எழுதியதெல்லாம் அம்மா பேச்சு. உன் கடிதம் ஒன்று கூட என்னிடம் இல்லை.

அம்மா வந்த பிறகும் இந்த வீட்டில் ஓர் ஆள் குறைவுதான், கண்ணு. எனக்கு உன்னையும் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேக்னாவைக் கூட்டிக்கொண்டு வா. இதை விட்டுவிடாமல் படி.

அப்பா